சீமைச் சரக்கும் ஒரு துறைமுகத்துக்காரனும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"துறைமுகத்தில் என் அனுபவங்கள்" என்று ஒரு தலைப்பை விழாக் குழுவினர் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு அனுபவத்தைப் பேசுகிறேன் என்றேன். எதைப் பற்றி என்றார்கள். ஸ்காட்ச் விஸ்கி என்றேன். செயலாளர் இரண்டு நிமிஷம் வாயே திறக்கவில்லை. "அண்ணாச்சி, பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்" என்றார். பிள்ளைகள் இருப்பதால்தான் பேச வேண்டும் என்றேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள். இன்று ராத்திரி லாட்ஜ் ரூமில் எந்தெந்த செட்டுக்காரர்கள் பையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பேச்சு உங்களுக்கும் உபயோகப்படும்.

நான் 1971ல் இங்கே கெமிஸ்ட்ரி முடித்தேன். வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. ஒரு கப்பல் ஏஜென்சியில் 'வாட்டர் கிளார்க்' வேலை கிடைத்தது. பெயரைப் பார்த்து தண்ணீர் பிடிக்கிற வேலை என்று என் அம்மா அழுதார்கள். கப்பல் வந்ததும் படகில் போய் ஏறி, கேப்டனைப் பார்த்து, காகிதங்களை வாங்கி, கஸ்டம்ஸுக்கும் துறைமுக ஆபீசுக்கும் அலைகிற வேலை அது. அப்போது பெரிய கப்பல்கள் தூரத்தில்தான் நிற்கும். 1974ல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் கப்பலே நம் வாசலுக்கு வந்தது.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1971ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974ல் மறுபடி வந்தது, 1981ல் மறுபடி கடை திறந்தார்கள். நான் வேலை பார்த்த முக்கால்வாசி இளமைக்காலம் ஊர் முழுக்க வறட்சி. கப்பலுக்குள் மட்டும் ஈரம். கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் சரக்கு ஸ்டோரைக் கஸ்டம்ஸ்காரர்கள் சீல் வைத்துவிடுவார்கள். மாலுமிகள் உபயோகத்துக்கென்று கொஞ்சம் வெளியே விடுவார்கள். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் எனக்கு முதல் வாய் கிடைத்தது. சட்டப்படி அது தப்புதான். ஒளிக்காமல் சொல்கிறேன்.

கொடுத்தவர் ஒரு சீஃப் இன்ஜினியர். ஸ்காட்லாந்துக்காரர். பெய்ஸ்லி என்ற ஊர். நம் மதுரா கோட்ஸ் பெயரில் இருக்கிற 'கோட்ஸ்' அந்த ஊர் நூல் கம்பெனிதான். நான் அவரிடம் நம் கோரல் மில்லையும், 1908ல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தையும் பற்றிச் சொன்னேன். "உங்கள் ஆள் ஜெயித்தாரா?" என்று கேட்டார். "கூலி கூடிற்று, ஆளைச் சிறையில் போட்டார்கள்" என்றேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்று சொல்லி, கிளாஸில் கால் விரற்கடை ஊற்றிக் கொடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுஷனுக்குக் கோபம். "பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் இருந்த பொருள். உனக்குப் பன்னிரண்டு நிமிஷம்கூட இல்லையா?" என்றார். அன்றைக்குப் பாடம் தொடங்கியது.

ஸ்காட்ச் என்றால் என்ன? நம் ஊர்ப் பனையை வைத்தே சொல்கிறேன். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளு. அந்தக் கள்ளைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்தால் சாராயம். இவ்வளவுதான் சூத்திரம். ஸ்காட்லாந்தில் பனை கிடையாது, பார்லி உண்டு. பார்லியை நனைத்து முளைகட்ட விடுகிறார்கள். நாம் பாசிப்பயறு முளைகட்டுகிற மாதிரிதான். முளை விட்டதும் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்துகிறார்கள். இதுதான் மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புத் தண்ணீரை வடித்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, செம்பு வாலையில் பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள்.

அப்போது அது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். பெயர்கூட விஸ்கி கிடையாது. ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம், அதுவும் ஸ்காட்லாந்திலேயே கிடந்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயர். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதம் ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. தண்ணீரும், நிறத்துக்குச் சாதாரணக் கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. 2009ம் வருஷத்து ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் இதெல்லாம் எழுதியே இருக்கிறது.

பீப்பாயும் பெரும்பாலும் புதியதல்ல. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று சட்டம். அவர்கள் ஒருமுறை உபயோகித்ததை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் வாசம் ஏறிய பீப்பாயும் வரும். மாங்காய் ஊறுகாய் போட்ட ஜாடியில் வேறு எதை வைத்தாலும் அந்த வாசம் ஏறுகிறதல்லவா, அந்தக் கதைதான். கிடக்கும்போது ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அங்கே வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். நம் பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கு மேலே போகும். நம் ஊர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். அதனால்தான் 2004ல் வெளிவந்த பெங்களூர் அம்ருத் மால்ட் சின்ன வயதிலேயே முதிர்ச்சி காட்டுகிறது.

இனி, எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்குப் பத்து வயதிருக்கும்போது, 1961ல், நம் கடலில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா, எடுத்தவன் தலையெழுத்து. பாட்டில் வாங்குவதும் மூடியைத் திறக்காமல் ஏலம் எடுக்கிற மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம். சிப்பிக்கு லேபிள் கிடையாது, பாட்டிலுக்கு உண்டு. படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

'சிங்கிள் மால்ட்' என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும், செம்பு வாலையில் காய்ச்சியது. ஒரே பீப்பாய் என்று அர்த்தமில்லை. 'பிளெண்டட்' என்றால் மால்ட்டையும், கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் காய்ச்சிய கிரெய்ன் விஸ்கியையும் கலந்தது. ஜானி வாக்கர், சிவாஸ் ரீகல் எல்லாம் இந்த ஜாதி. கலப்பு என்றதும் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். பல ஆலைச் சரக்கைக் கலந்து வருஷா வருஷம் ஒரே ருசி வரவைப்பது பெரிய கைத்திறன்.

லேபிளில் 12 என்று இருந்தால், உள்ளே இருப்பதில் ஆக இளையதற்கு 12 வயது. இந்த வயது பீப்பாயில் ஏறுவது மட்டும்தான். பாட்டிலில் அடைத்தால் நின்றுவிடும். "மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது, பீரோவில் இருபது வருஷமா வச்சிருக்கேன்" என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்க. வயது கூடக்கூட ருசி கூடும் என்பதும் நிச்சயமில்லை, விலை கூடும் என்பது மட்டும் நிச்சயம். நிறத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். கேரமல் சேர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறதே. கருத்த கருப்பட்டி எல்லாம் உடன்குடிக் கருப்பட்டி ஆகிவிடுமா?

எங்கே அடைத்தது என்றும் பாருங்கள். 100 பைப்பர்ஸ், டீச்சர்ஸ், பிளாக் டாக் போன்றவை மொத்தமாக இறக்குமதியாகி இந்தியாவில் அடைக்கப்படுபவை. அதுவும் ஸ்காட்ச்தான், மட்டமில்லை. ஆனால் சிங்கிள் மால்ட் ஸ்காட்சை 2012 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அதனால் 'சிங்கிள் மால்ட் ஸ்காட்ச், இந்தியாவில் அடைத்தது' என்று எவனாவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் பல சரக்குகள், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. நம் பாட்டில்களில் 42.8 என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது பழைய ஆங்கிலேய 75 டிகிரி புரூஃப். வெள்ளைக்காரன் போனான், அவன் அளவு போகவில்லை.

ருசிக்கு ஊர் இருக்கிறது. ஸ்பேசைடு பக்கத்து கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் எல்லாம் ஆப்பிள், தேன் வாசத்தோடு சாதுவாக இருக்கும். புதிதாக ருசி பார்க்கிறவர்களுக்கு அதுதான் சரி. நம் முந்திரி மக்ரூனோடு ஒருமுறை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஐலா என்று ஒரு தீவு. அங்கே பீட் என்ற மக்கிய புல்கரியை எரித்து அந்தப் புகையில் மால்ட்டை உலர்த்துவார்கள். லஃப்ராய்க், ஆர்ட்பெக் அந்த ஊர்ச் சரக்கு. மூக்கருகே கொண்டுபோனால் புகை, மருந்து, கடல்பாசி. என் சென்னை நண்பர் ஒரு வாய் வைத்துவிட்டு "ஆஸ்பத்திரியைக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கோ பழைய துறைமுகத்தில் தோணி பழுது பார்க்கிற இடமும், கருவாடு காய்கிற கரையும் ஞாபகம் வந்தது. அவரவர் மூக்கு அவரவர் ஊர்.

குடிக்கும் முறை? வாய் குறுகிய கிளாஸ். முதலில் முகர வேண்டும், வாயை லேசாகத் திறந்துகொண்டு. பிறகு ஒரு சின்ன வாய், நாக்கில் நிற்க வேண்டும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரியும். ஐஸ் போடலாமா, சோடா போடலாமா என்று சண்டை போடுவார்கள். தூத்துக்குடி மே மாசத்தில் ஐஸ் போடுகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். கோலா ஊற்றிக் குடிப்பதானால் விலை கூடின பாட்டில் எதற்கு, அவ்வளவுதான் என் கட்சி.

இறக்குமதி வரி 150 சதவீதம் என்று நாமெல்லாம் புலம்பியவர்கள். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், அதை முதலில் 75 ஆகவும் பத்து வருஷத்தில் 40 ஆகவும் குறைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இனி வரும் காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இது எட்டாக் கனியாக இருக்காது. அதுதான் என் கவலையும்.

போலியைப் பற்றி ஒரு வார்த்தை. காலிப் பாட்டிலை நல்ல விலைக்கு எடுப்பார்கள், உள்ளே எதையோ ஊற்றி மறுபடி விற்பார்கள். அதனால் காலிப் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுவது என் வழக்கம். விலை நம்பமுடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். கெமிஸ்ட்ரிக்காரனாகச் சொல்கிறேன்: மெத்தனாலை ருசி பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. "நான் ஸ்பெஷலிஸ்ட், ஒரு வாயில் சொல்லிடுவேன்" என்கிறவனும் சாவான்.

இப்போது நான் கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் செட்டில் ஒருவன். பெயர் சொல்லப் போவதில்லை, எங்கள் செட்டுக்குத் தெரியும். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். கணக்கில் புலி. பேங்கில் வேலை கிடைத்து நல்லபடியாக இருந்தான். 1986ல் கம்பெனி வேலையாக லண்டன் போய்விட்டு வரும்போது, முறைப்படி கஸ்டம்ஸில் காட்டி ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். அவன் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்தோம். சீஃப் இன்ஜினியர் எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவனுக்குச் சொன்னேன். முகர்வது, தண்ணீர் விடுவது, லேபிள் படிப்பது எல்லாம். மாசம் முதல் சனிக்கிழமை கூடுவது வழக்கமாயிற்று. இரண்டே வருஷத்தில் குருவை மிஞ்சிய சிஷ்யன் ஆனான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த பிராண்ட் என்று சொல்லுவான். நாங்கள் கைதட்டுவோம்.

பிறகு சனிக்கிழமைதோறும். பிறகு தினமும். நான் ஒருமுறை லேசாக ஜாடை காட்டினேன். சிரித்தான். "ஏலே, குடிகாரன்னா ரோட்டுல விழுந்து கிடப்பான். நான் குடிக்கிறது ஸ்காட்ச்லே" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்ல சரக்கு குடிக்கிறவன் கெட்டுப்போகமாட்டான் என்று நானும் நம்பினேன், நண்பர்களே. கெமிஸ்ட்ரி படித்த நான்.

கணக்கைப் பாருங்கள். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுத்த ஆல்கஹால் சுமார் 25 மில்லி. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சமாளிப்பது ஏறத்தாழ 10 மில்லி. மணிக்கு ஒரு லார்ஜ் போட்டால் மீதி எங்கே போகும்? 2016ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வைத்த வரம்பு வாரத்துக்கு 140 மில்லி. அதாவது வாரத்துக்கே ஐந்தரை லார்ஜ். அதற்குள் இருந்தாலும் ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமோ 2023ல், பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று சொல்லிவிட்டது. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. பட்டையோ, பன்னிரண்டு வருஷ மால்ட்டோ, அதற்கு எல்லாம் ஒரே எத்தனால்தான்.

1996 வாக்கில் ஒருநாள் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு" என்றார்கள். அன்று சாயங்காலமே போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் தயார் செய்துகொண்டே போனேன். கதவைத் திறந்தவன் முகம் மலர்ந்துவிட்டது. "வாலே, சரியான நேரத்துக்கு வந்தே" என்று இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தான். பிளாக் லேபிள் பாட்டிலிலிருந்து ஊற்றினான். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, உள்ளே இருந்தது மலிவான நாட்டுச் சரக்கு. அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த கிளாஸைக் குடித்து முடித்தேன். கிரிக்கெட் பேசினோம். அவன் மனைவி உள்ளே அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

1998ல் போய்விட்டான். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். வயது 47. பெண் அப்போது பத்தாம் வகுப்பு. காரியம் முடிந்து, அலமாரியில் வரிசையாக நின்ற காலிப் பாட்டில்களை எடுத்துப்போகச் சொன்னார்கள். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. கொல்லையில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தேன்.

நான் குடிப்பதை நிறுத்திவிட்டேனா என்று கேட்பீர்கள். பத்து வருஷம் தொடவில்லை. இப்போது எப்போதாவது ஒரு சின்ன பெக், 30 மில்லி, பெரும்பாலும் கிறிஸ்மஸுக்கு. அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எங்கே நிறுத்துவது என்று சொல்ல வேண்டிய அன்றைக்கு கிரிக்கெட் பேசிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மனசில் கிடப்பது இதுதான்.

மாணவச் செல்வங்களே, தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே வாங்குவதே சட்டவிரோதம். 21க்குப் பிறகும் கட்டாயம் ஒன்றும் இல்லை. குடிக்காதவன் எதையும் இழந்துவிடவில்லை. பதநீர் சீசனில் நுங்கு போட்டு ஒரு பட்டை குடித்துப் பாருங்கள், எந்தச் சீமைச் சரக்கும் பக்கத்தில் வராது.

என் செட்டு நண்பர்களே, நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. இன்று ராத்திரி யாராவது மூன்றாவது ஊற்றினால், "போதும் மாப்ளே" என்று சொல்ல ஒருவன் இருக்கட்டும். உங்கள் நண்பன் எவனாவது தினமும் குடிக்கிறான் என்று தெரிந்தால், அவன் வீட்டில் கிளாஸைக் கையில் வாங்காமல் பேசுங்கள். ரொம்ப நாள் குடித்தவன் தடாலென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சென்னையில் 1980லிருந்து இதற்கென்றே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. 1996ல் எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பேச்சை எழுதியதும் முதலில் அவன் மனைவியிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்கள். "பேரு மட்டும் வேண்டாம் அண்ணே. மத்ததெல்லாம் சொல்லுங்க. அன்னைக்குச் சொல்லாததை இன்னைக்காவது சொல்லுங்க" என்றார்கள்.

சொல்லிவிட்டேன்.